மொழியைத் தாங்கும் மூளை: யாழ்ப்பாணக் குடாநாட்டின் தமிழாசிரியர்களுக்கும் விஞ்ஞான ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பாடசாலைகளில் தமிழும் விஞ்ஞானமும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு,



ஒரு பாடவேளையில் வேற்றுமையும் எச்சமும் புணர்ச்சியும் கற்கும் மாணவர், அதே வகுப்பறையில் அமர்ந்தபடி அடுத்த பாடவேளையில் நரம்புக்கலத்தின் அமைப்பையும் மூளையின் பகுதிகளையும் கற்கிறார். முன்னதில் கற்ற இலக்கணம் முழுவதும் பின்னதில் கற்ற உறுப்பினுள்ளேயே இயங்குகிறது என்பதை அவருக்கு எடுத்துரைக்கும் வாய்ப்பு இவ்விரு பாடங்களிலும் அரிதாகவே கிடைக்கிறது. இவ்விடைவெளி அறிவுத்துறைகளுக்கு இடையிலான வெறும் எல்லைத் தகராறாக இருந்திருப்பின் இம்மடலுக்குத் தேவை எழுந்திராது. மனித மொழி என்பது தொண்டையிலிருந்து எழும் ஓசை என்ற எண்ணம் சமூகத்தில் வேரூன்றியிருக்கும் வரை, செவிப்புலன் இன்றிப் பிறந்த குழந்தை மொழியற்ற குழந்தையாகவும், பாரிசவாதத்தால் பேச்சிழந்த முதியவர் அறிவிழந்தவராகவும் கருதப்படும் நிலை தொடரும் என்பதாலேயே, மொழிக்கும் மூளைக்கும் உள்ள உறவை இரு துறை ஆசிரியரும் இணைந்து கற்பிக்க வேண்டும் என்ற வேண்டுகோள் இங்கே முன்வைக்கப்படுகிறது.

இந்த வேண்டுகோளை முன்வைப்பதற்குக் குடாநாட்டை விடப் பொருத்தமான இடம் வேறில்லை. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முடியும் என்று உறுதி பூண்டு, தம் மாணவர்களின் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மனித உடலின் உறுப்புகளை விளக்கும் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெருநூல் 1872இல் வெளிவந்தது. அதே காலப்பகுதியில் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்துப் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிக்கொண்டிருந்தார். தொல்காப்பியப் பொருளதிகாரம் அவரது முயற்சியால் 1885இல் அச்சு வடிவம் பெற்றது. மூளையின் கூறுகளைத் தமிழில் பெயரிட்டுச் சொன்ன நூலும், தமிழின் அமைப்பைச் சொன்ன நூலும் ஒரே மண்ணோடு இணைந்தவர்களின் உழைப்பால் ஒரே தலைமுறைக்குள் அச்சேறின.

ஐரோப்பாவில் மொழிக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு வெளிப்பட்டதும் அக்காலத்திலேயே ஆகும். 1861இல் பாரிஸ் நகர மருத்துவர் போல் புறோக்கா, பிறர் கூறுவதை விளங்கிக்கொள்ளக் கூடியவராக இருந்தும் ஓரசை ஒன்றைத் தவிர வேறெதையும் சொல்ல இயலாதிருந்த லெபோர்ஞ் என்ற நோயாளியின் மூளையை, அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடது நுதற்சோணையில், அதாவது நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதியின் இடப்பக்கத்தில், சிதைவு இருந்ததை எடுத்துக்காட்டினார். 1874இல் கார்ல் வேர்ணிக்கே என்ற 26 வயது ஜெர்மானிய மருத்துவர் இதற்கு மறுதலையான நிலையை விளக்கினார்: காதுக்கு மேலும் பின்னும் அமைந்த இடது கடைநுதற்சோணையின் பின்பகுதி சிதைந்தவர்கள் தடையின்றிப் பேசுகின்றனர், ஆனால் அவர்களது பேச்சில் பொருள் சிதறிக் கிடக்கிறது, பிறர் பேச்சும் அவர்களுக்கு விளங்குவதில்லை. மூளைச் சிதைவினால் மொழித்திறன் இவ்வாறு குலைவதைப் பேச்சிழப்பு என்று குறிப்பிடலாம். அது நாவின் தளர்ச்சியும் அன்று, மனத்தின் அழிவும் அன்று என்பதை இவ்விரு மருத்துவர்களின் பணி நிலைநாட்டியது.

இனி, மனித மொழியின் தனித்தன்மையை மாணவருக்கு விளக்க முற்படும்போது விலங்குகளைத் தாழ்த்திக் கூறுவது எளிய வழியாகத் தோன்றக்கூடும். உண்மை அதற்கு இடந்தரவில்லை. பொலனறுவையின் புராதன நகரைச் சூழ்ந்த காடுகளில் வாழும் செங்குரங்குகளை 1968 முதல் பல்லாண்டுகள் ஆராய்ந்த வொல்ப்காங் டிட்டஸ், நல்ல உணவோ நிறைந்த உணவோ கண்ட குரங்கு ஒரு தனிவகைக் குரலை எழுப்புவதையும், அதைக் கேட்ட கூட்டத்தினர் குரல் வந்த திசைக்கு விரைந்து கூடுவதையும் 1984இல் வெளியிட்ட ஆய்வில் பதிவுசெய்தார். கென்யாவின் அம்போசெலியில் வாழும் வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரலும் கழுகுக்கு இன்னொரு குரலும் பாம்புக்கு வேறொரு குரலும் எழுப்புவதையும், பதிவுசெய்த குரலை ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டபோது விலங்கு எதுவும் கண்முன் இல்லாமலே அவை முறையே மரமேறியும் வானத்தை நோக்கியும் நிலத்தை உற்றுநோக்கியும் எதிர்வினை காட்டியதையும் சேபார்த், செனி, மார்லர் ஆகிய மூவரும் 1980இல் வெளிப்படுத்தினர்.

இலங்கையின் சிங்கராஜ வனத்தில் ஈபன் குடேல், சரத் கொட்டகம ஆகியோர் கண்டறிந்தது இன்னும் வியப்பூட்டுவது. அங்கு பல்லினப் பறவைகள் ஒன்றாகக் கூடி இரைதேடும் கூட்டங்களில் வாழும் கொண்டைக் கரிக்குருவி பிற பறவைகளின் குரலைப் போலிசெய்வதோடு நில்லாது, இடர் நேரும் வேளையில் அவற்றின் எச்சரிக்கைக் குரல்களையும், இடரற்ற வேளையில் அவற்றின் ஏனைய குரல்களையும் சூழலுக்கேற்பப் பயன்படுத்துகிறது. தேனீக்கள் கூட்டினுள் ஆடும் ஆட்டத்தால் பூக்கள் இருக்கும் திசையையும் தொலைவையும் உணர்த்துவதைக் கண்டறிந்த கார்ல் வொன் பிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். யப்பானியச் சிட்டு ஒன்று இருவேறு குரல்களை ஓர் ஒழுங்கில் இணைத்து ஒலிப்பதையும், அவ்வொழுங்கைத் தலைகீழாக்கினால் ஏனைய சிட்டுகளின் எதிர்வினை குன்றுவதையும் 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆகவே குறியீடு, செய்தி, குரலைக் கற்றல், இரண்டை இணைத்தல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் உயிர்களிடையே முன்வடிவங்கள் உள்ளன.

இந்த நேர்மையான கணிப்புக்குத் தமிழ் மரபும் இடமளிக்கிறது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்தி, ஆறாவதாக மனத்தை வைத்து, மக்களை அதற்குரியவர்களாகக் கூறுகிறது. ஆயினும் விலங்குகளில் ஒரு சாரனவும் அவ்வறிவுக்கு உரியன என்று கொண்டு கிளி, குரங்கு, யானை போன்றவற்றை எடுத்துக்காட்டும் உரைமரபும் உண்டு. மனிதருக்கும் ஏனைய உயிர்களுக்கும் இடையே சுவர் எழுப்பாமல், படிநிலை வைத்து நோக்கிய இந்தப் பார்வை, இன்றைய உயிரியலின் கூர்ப்புக் கொள்கையைக் கற்கும் மாணவருக்கு அந்நியமாகத் தோன்றாது.

அவ்வாறாயின் மனித மொழியைப் பிரித்துக்காட்டுவது எது? விடை தமிழ்ப் பாடத்திலேயே இருக்கிறது. ‘நாயை நண்டு கடித்தது’, ‘நாய் நண்டைக் கடித்தது’ என்னும் இரு தொடர்களிலும் அதே விலங்குகளும் அதே வினையும் வருகின்றன. ஐகார உருபு ஒன்று இடம்மாறியதும் நடந்த நிகழ்ச்சியே வேறாகிவிடுகிறது. விலங்குகளின் குரல் தொகுதியில் ஒவ்வொரு குரலும் பெரும்பாலும் ஒரு நிலைமையை முழுமையாகக் குறிக்க, மனித மொழியிலோ சொற்களும் உருபுகளும் ஒன்றோடொன்று கொள்ளும் உறவே பொருளை உருவாக்குகிறது. அந்த உறவு ஒன்றனுள் ஒன்றாக அடுக்கப்படவும் கூடும். ‘வல்லிபுரத்தில் கடலை விற்ற கிழவி வளர்த்த கிளி பறந்துபோய்விட்டது’ என்ற தொடரில் ‘விற்ற’ என்னும் பெயரெச்சம் கிழவியையும், ‘வளர்த்த’ என்னும் பெயரெச்சம் கிளியையும் தழுவி நிற்க, இறுதியில் வரும் வினைமுற்று கிழவியைத் தாண்டிக் கிளியைச் சென்றடைகிறது. வினைமுற்று ஈற்றில் வரும் தமிழில், கேட்பவரின் மூளை முடிவு தெரியாத உறுப்புகளைத் தாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றும் எதனோடு சேரும் என்பதைக் கணப்பொழுதில் தீர்மானித்தபடியே செல்கிறது. ஒலிகள் சிலவே. அவற்றால் அமையும் சொற்கள் பல்லாயிரம். சொற்களால் அமையக்கூடிய தொடர்களுக்கோ எல்லையே இல்லை.

இரண்டாவது வேறுபாடு, கண்முன் இல்லாததைப் பேசும் ஆற்றல். செங்குரங்கின் உணவுக்குரல் இப்போது கண்ட உணவைப் பற்றியது. சென்ற ஆண்டின் விளைச்சலையோ வாராத மழையையோ அது குறிப்பதில்லை. தேனீயின் ஆட்டம் தொலைவிலுள்ள ஒன்றைச் சுட்டினும், அது உணவு, நீர், புதிய கூட்டுக்குரிய இடம் போன்ற சிலவற்றைத் தாண்டுவதில்லை. மூன்றாவது வேறுபாடு, கேட்பவரின் நிலையை உள்வாங்கிப் பேசுதல். எழுத்து வழக்கில் பெரிதும் அருகிவிட்ட உகரச் சுட்டு குடாநாட்டின் பேச்சில் இன்றும் உயிர்ப்போடு வாழ்கிறது: பேசுபவருக்கு அருகிலிருப்பது ‘இது’, கேட்பவருக்கு அருகிலிருப்பது ‘உது’, இருவருக்கும் அப்பாலிருப்பது ‘அது’. பாடசாலைக்குச் செல்லும் முன்பே இம்மூன்றையும் தடுமாறாமல் வழங்கும் யாழ்ப்பாணக் குழந்தை, சொல்லைத் தெரிவுசெய்யும்போதே கேட்பவர் நிற்கும் இடத்தையும் தன் கணிப்பில் சேர்த்துக்கொள்கிறது. இவ்வளவு நுட்பமான எடுத்துக்காட்டை வேறு நாட்டுப் பாடநூல்களில் தேட வேண்டிய தேவை குடாநாட்டு ஆசிரியருக்கு இல்லை.

இவ்வேறுபாடுகள் மூளையில் எங்கே தங்கியிருக்கின்றன என்பதே அடுத்த வினா. குரங்குகளின் குரல்களை இயக்கும் முதன்மையான நிலையம், மூளையின் ஆழத்தில், நடுமூளையில் உள்ள ஒரு சிறு கால்வாயைச் சூழ்ந்த சாம்பல்நிறப் பகுதியாகும். அணிற்குரங்குகளில் அப்பகுதியை மின்னால் தூண்டினால் இயல்பான குரல்கள் எழுகின்றன. அப்பகுதி சிதைந்தால் குரங்கு ஊமையாகிவிடுகிறது. மாறாக, மூளையின் வெளிப்புறப் படையாகிய மேற்பட்டையில் குரல்வளைக்குரிய பகுதி சிதைந்தாலும் அதன் குரல்கள் பெரிதும் மாறுவதில்லை. இதே பழைய அமைப்பு மனிதரிடத்தும் உண்டு. சிரிப்பும் அழுகையும் வலியில் எழும் கதறலும் அதனைச் சார்ந்தவை. ஆகவேதான் ஒரு சொல்லையும் கோக்க இயலாத பேச்சிழப்பு நோயாளியும் வாய்விட்டுச் சிரிக்கவும் அழவும் வல்லவராக இருக்கிறார். மனிதப் பேச்சு இந்தப் பழைய நிலையத்தின் மேல் எழுந்த புதிய ஆட்சி எனலாம்: மேற்பட்டையிலிருந்து புறப்படும் நரம்புநார்கள் குரல்வளையை இயக்கும் நரம்புக்கலங்களை நேரடியாகச் சென்றடைவது மனிதரில் தெளிவாகக் காணப்படுகிறது, அதனால் மூச்சையும் குரலையும் நாவையும் இதழையும் விரும்பியபடி, நொடிக்குப் பல ஒலிகள் என்ற விரைவில் ஒழுங்குபடுத்த முடிகிறது.

குரங்கு பேசாததற்கு அதன் தொண்டையின் அமைப்பே காரணம் என்ற விளக்கம் நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்றிருந்தது. 2016இல் டெகும்சே பிட்ச் குழுவினர், குரங்கு உண்ணும்போதும் குரலெழுப்பும்போதும் அதன் வாயும் தொண்டையும் எடுக்கும் வடிவங்களை ஊடுகதிர் ஒளிப்படக் கருவியால் பதிவுசெய்து, அந்த உறுப்புகளைக் கொண்டே விளங்கத்தக்க பல உயிரொலிகளை எழுப்ப முடியும் என்று கணித்துக் காட்டினர். குறை தொண்டையில் இல்லை. தொண்டையை ஆளும் நரம்பிணைப்பிலேயே இருக்கிறது. மறுபுறத்தில், கிளியும் மைனாவும் கரிக்குருவியும் மனிதரோடு மிகத் தொலைவான உறவுடையனவாயினும், குரலைக் கேட்டுக் கற்கும் ஆற்றலுக்கென முன்மூளையில் தனி நிலையங்களைக் கொண்டுள்ளன. பாடும் பறவைகள் பலவற்றின் குஞ்சுகள் முதிர்ந்த பறவையின் பாடலை இளமையிலேயே கேட்டாக வேண்டும், இல்லையேல் அவற்றின் பாடல் குறைபட்டுப்போகும். 2001இல் லண்டனைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையாகத் தொடர்ந்த பேச்சுக் குறைபாட்டுக்குக் காரணமாக அறியப்பட்ட பொக்ஸ்பி2 என்ற பரம்பரையலகு, பறவையின் மூளையிலும் பாடல் கற்றலோடு தொடர்புற்றிருப்பது பின்னர் தெரியவந்தது. இப்பரம்பரையலகு எலி முதலிய பல விலங்குகளிலும் இருப்பதால், மொழிக்கென்று தனியாக ஒரு பரம்பரையலகு தோன்றியது என்று மாணவருக்குக் கூறுவது பிழையாகும். பழைய கருவிகளே புதிய வேலைக்கு மீண்டும் மீண்டும் அமர்த்தப்பட்டன என்பதே உயிரியல் உணர்த்தும் செய்தி.

புறோக்காவின் பகுதி, வேர்ணிக்கேயின் பகுதி என்ற இரு நிலையங்களை வரைபடத்தில் குறித்துக் காட்டி, முதலாவது பேச, இரண்டாவது விளங்கிக்கொள்ள என்று கற்பிப்பதோடு நிறுத்துவதும் இன்று போதாது. பாரிசில் பாதுகாக்கப்பட்டிருந்த லெபோர்ஞின் மூளையை 2007இல் காந்த அதிர்வுப் படக்கருவியால் மீண்டும் ஆராய்ந்தபோது, சிதைவு புறோக்கா கண்ட மேற்பரப்போடு நில்லாது, ஆழத்திலுள்ள நரம்புநார்க் கட்டுகள் வரை சென்றிருந்தது தெரியவந்தது. மொழி இரு அறைகளில் அடைபட்டிருக்கும் பொருளன்று. அது பல பகுதிகளை இணைக்கும் வலையின் இயக்கம். அவ்விணைப்புகளுள் தலையாயது, கடைநுதற்சோணையிலிருந்து வில்போல் வளைந்து நுதற்சோணையை அடையும் வில்லுருக் கட்டு எனப்படும் நரம்புநார்த் தொகுதி. செங்குரங்கின் இனத்தைச் சேர்ந்த மக்காக் குரங்கு, சிம்பன்சி, மனிதர் ஆகிய மூவகை மூளைகளையும் ஒப்பிட்டு ஜேம்ஸ் ரில்லிங் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, இக்கட்டு கடைநுதற்சோணையினுள் பரவும் அளவு மனிதரில் ஏனைய இரண்டையும் விட மிகப் பெரிதாக இருப்பதைக் காட்டியது. இவ்வலையின் பெரும்பகுதி வலக்கைப் பழக்கமுடையோரில் ஏறத்தாழ 95 சதவீதத்தினருக்கு இடது அரைக்கோளத்தில் அமைந்திருக்க, குரலின் ஏற்ற இறக்கத்தால் உணர்த்தப்படும் உணர்வை அறிவதில் வலது அரைக்கோளமும் பங்கேற்கிறது.

இணைப்பே முதன்மையானது என்பதற்குச் சிம்பன்சியின் கல்வியும் சான்று பகர்கிறது. 1973இல் பிறந்து, மனிதக் குடும்பத்தில் வளர்க்கப்பட்டுச் சைகைகள் கற்பிக்கப்பட்ட நிம் என்ற சிம்பன்சி நூற்றுக்கு மேற்பட்ட சைகைகளைக் கற்றது. ஆயினும் அதன் சைகைத் தொடர்கள் நீண்டபோதும் கேட்ட பழத்தையே மீண்டும் மீண்டும் கேட்டனவேயன்றி, புதிய உறவுகளைக் கட்டவில்லை என்று அதன் ஆசிரியரான ஹேர்பட் டெரஸ் 1979இல் எழுதினார். சொல்லைக் கற்பது ஒன்று. சொற்களைக் கொண்டு தொடரைக் கட்டுவது வேறொன்று. மனிதக் குழந்தை இரண்டு வயதளவில் இருசொல் தொடரைத் தொடங்கி, அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் எச்சங்களையும் உருபுகளையும் எவரும் இலக்கணம் கற்பிக்காமலே கையாளத் தொடங்குகிறது.

இந்த வளர்ச்சிக்குக் கால எல்லை உண்டு என்பதே ஆசிரியர்கள் தங்கள் உள்ளத்தில் இருத்த வேண்டிய உண்மை. உலக மொழிகளின் ஒலி வேறுபாடுகளைப் பிறந்து சில மாதங்களான குழந்தை பரவலாக இனங்காணும் என்றும், முதலாண்டின் இறுதியளவில் தன்னைச் சூழ்ந்த மொழியின் வேறுபாடுகளுக்கே அதன் செவி கூர்மைப்படும் என்றும் ஜனற் வேர்க்கர், றிச்சர்ட் டீஸ் ஆகியோர் 1984இல் காட்டினர். லகர, ளகர வேறுபாடு தமிழ்க் குழந்தைக்கு எளிதாவதும் அத்தகைய கூர்மைப்பாட்டினாலேயே. பிறந்த குழந்தையின் மூளையில் வில்லுருக் கட்டின் ஒரு கிளை ஏற்கெனவே இயங்க, புறோக்காவின் பகுதியைச் சென்றடையும் கிளை பின்னரே முதிர்ச்சியடைகிறது. அம்முதிர்ச்சி மொழிச் சூழலில் நிகழ வேண்டியது. மூளை பிறப்போடு கொண்டுவருவது மொழிக்கான ஆயத்தம் மட்டுமே. சூழ இருப்பவர்கள் தரும் மொழியே அதை நிறைவுசெய்கிறது.

அந்த மொழி செவிவழியாகத்தான் வர வேண்டும் என்ற நியதி மூளைக்கு இல்லை என்பது கடந்த அரை நூற்றாண்டின் மிக முக்கியமான கண்டுபிடிப்புகளுள் ஒன்று. சைகைமொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் இடது அரைக்கோளம் சிதைவுற்றால், கைகளின் வலு குன்றாதிருக்கையிலும் சைகைமொழியின் இலக்கணம் குலைந்துபோவதை ஹிக்கொக், பெலூகி, கிளிமா ஆகியோர் 1996இல் எடுத்துக்காட்டினர். நிக்கரகுவா நாட்டின் தலைநகரான மனாகுவாவில் 1970களின் இறுதியில் செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கென்று பள்ளி திறக்கப்பட்டபோது, வீடுகளில் தனித்தனிச் சைகைகளோடு வாழ்ந்த பிள்ளைகள் ஒன்றுகூடி, எவரும் கற்பிக்காத புதிய சைகைமொழி ஒன்றை உருவாக்கினர்; பின்வந்த இளைய பிள்ளைகள் அதன் இலக்கணத்தை மேலும் செறிவாக்கினர். சைகைமொழி என்பது முகபாவனையோடு கூடிய ஊமைக்கூத்து அன்று. அது தமிழைப் போலவே சொல்லும் தொடரும் உறவும் உடைய முழுமையான மொழி. விலங்கின் மெய்ப்பாட்டோடு அதை ஒப்பிடுவோர் அறியாமையால் பெரும் அநீதி இழைக்கின்றனர்.

குடாநாட்டில் கைதடி நவீல்ட் பாடசாலை செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாகக் கல்வி அளித்துவருகிறது. எனினும் ஒரு பிள்ளை பாடசாலையை வந்தடையும் முன்பே மொழிக்குரிய முதன்மையான ஆண்டுகள் பல கடந்துவிடக் கூடும். உலகளவில் ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று அல்லது இரண்டு குழந்தைகள் குறிப்பிடத்தக்க செவிப்புலன் குறைபாட்டோடு பிறக்கின்றனர் என்று கணிக்கப்படுகிறது. அத்தகைய குழந்தைக்குக் கேட்டற்கருவியோ காதினுள் பொருத்தும் கருவியோ கிடைப்பின் அது பெறுமதி மிக்க உதவியே. ஆனால் அக்கருவி கிடைக்கும் வரையோ, அது பயன் தரும் வரையோ குழந்தையை எந்த மொழியுமின்றிக் காத்திருக்க வைப்பது, மூளையின் வலை பின்னப்படும் காலத்தை வெறுமையாகக் கழியவிடுவதாகும். ‘மெதுவாகப் பேசுவான்’, ‘அப்பாவும் பிந்தித்தான் பேசினவர்’ என்று பெரியோர் கூறும் ஆறுதலை நம்பி ஆண்டுகள் கழிய, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் இரண்டு வயதாகியும் இருசொல் தொடரும் வாராத குழந்தையை மருத்துவரிடம் காட்டுவது தாமதமாகிவிடுகிறது. முன்பள்ளி ஆசிரியரும் ஆரம்பப் பிரிவு ஆசிரியரும் இத்தகைய குழந்தைகளின் பெற்றோருக்கு அன்போடும் உறுதியோடும் அறிவுரை கூறக்கூடிய நிலையில் இருப்பவர்கள்.

வாழ்வின் மறுமுனையிலும் இதே அறிவு தேவைப்படுகிறது. பாரிசவாதம் பெரும்பாலும் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதாலும், சிலவேளை அது வெடிப்பதாலும் நேருகிறது. இடது அரைக்கோளம் தாக்கப்பட்டால் வலக் கையும் வலக் காலும் தளர்வதோடு பேச்சும் குலையக் கூடும். முகம் ஒருபுறம் கோணுவதும், ஒரு கை தூக்க இயலாது சோர்வதும், பேச்சு திடீரெனக் குழறுவதும் அதன் அறிகுறிகள் என்பதை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருப்பின், 1990 என்ற நோயாளர் காவுவண்டிச் சேவை இலக்கத்துக்கு அழைத்து நோயாளியை உடனே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வீட்டாரைத் தூண்ட அவரால் முடியும். அடைப்பைக் கரைக்கும் மருந்து தகுதியான நோயாளிகளுக்கு ஏறத்தாழ நான்கரை மணித்தியாலத்துக்குள் செலுத்தப்பட வேண்டியது என்பதால் ஒவ்வொரு நிமிடமும் விலைமதிப்புடையது. உயிர் பிழைத்தபின் பேச்சிழப்போடு வீடு திரும்புபவரும், போர்க்காலத்தில் தலையில் காயமுற்றுச் சொல்வளம் குன்றி வாழ்பவரும், தம்மைச் சூழ நடப்பதைப் பெரும்பாலும் விளங்கிக்கொள்பவர்களாகவே இருக்கக் கூடும். அவர்களது முன்னிலையிலேயே அவர்களைப் பற்றி மூன்றாம் ஆளைப்போல் பேசுவதும், குடும்ப முடிவுகளிலிருந்து அவர்களை ஒதுக்குவதும் சொல்லொணாத் துயர் தருவன. குறுகிய தொடர்களில் பேசுதல், ‘ஓம்’, ‘இல்லை’ என்ற விடைக்குரிய வினாக்களைக் கேட்டல், படத்தையும் கைச்சாடையையும் துணைக்கொள்ளல், விடைக்குப் பொறுமையோடு காத்திருத்தல் ஆகியன எவரும் வீட்டிலேயே கைக்கொள்ளத்தக்கவை. பேச்சு மருத்துவப் பயிற்சியாளரின் வழிகாட்டல் கிடைக்குமாயின் மீட்சி மேலும் சிறக்கும்.

மேற்கூறியவற்றைச் செயலாக்கப் பெரிய செலவோ புதிய பாடத்திட்டமோ தேவையில்லை. தமிழாசிரியர் பிறப்பியலைக் கற்பிக்கும் நாளில், உந்தியிலிருந்து எழும் காற்று தலையும் மிடறும் நெஞ்சுமாகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் தொழிலால் எழுத்தொலியாவதைத் தொல்காப்பியர் விளக்கிய முறையை எடுத்துரைக்க, அதே நாளில் விஞ்ஞான ஆசிரியர் அவ்வுறுப்புகளை இயக்கும் நரம்புகளையும் மேற்பட்டையையும் விளக்கலாம். பெயரெச்சத் தொடரைப் பகுத்துக் காட்டும் பாடத்தோடு, அத்தொடரைத் தாங்கும் நினைவாற்றலையும் வில்லுருக் கட்டையும் சேர்த்துக் கற்பிக்கலாம். மாணவர்கள் ஒரு வாரம் தம் வளவில் காகமும் அணிலும் நாயும் எழுப்பும் குரல்களை, எழுப்பிய சூழலோடும் கேட்ட விலங்குகளின் எதிர்வினையோடும் குறித்துவந்து, எக்குரல் எந்நிலையைக் குறித்தது, குரல்கள் இணைக்கப்பட்டனவா, கண்முன் இல்லாத எதையேனும் அவை குறித்தனவா என்று வகுப்பில் ஆராயலாம். அவ்வாராய்ச்சி விலங்குகளின் மேல் மதிப்பையும் மனித மொழியின் மேல் வியப்பையும் ஒருங்கே வளர்க்கும். 1978 முதல் மருத்துவம் கற்பிக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தாரையும், அப்பல்கலைக்கழகத்தின் தமிழ், மொழியியல் அறிஞர்களையும் பாடசாலை மன்றங்களுக்கு அழைத்து, இத்துறையின் புதிய முடிவுகளை எளிய தமிழில் எழுதித் தருமாறு கேட்கலாம். செவிப்புலனுடைய மாணவர்களும் சைகைமொழியின் அடிப்படையைக் கற்கும் வாய்ப்பை ஏற்படுத்தினால், செவிப்புலனற்ற அயற்பிள்ளையோடு அவர்கள் உரையாடும் நாள் தொலைவில் இராது.

தமிழும் விஞ்ஞானமும் கற்பிக்கும் இரு ஆசிரியர்கள் வரும் தவணையில் ஒரு பாடவேளையையேனும் இணைந்து நடத்துவார்களாயின், அவ்வகுப்பிலிருந்து வெளிவரும் மாணவர் பேசாதிருக்கும் ஒரு குழந்தையையோ முதியவரையோ காணும்போது, அவரிடம் மொழி இல்லை என்று முடிவுகட்டாமல், அம்மொழி வெளிவருவதற்கு எந்த வழி திறந்திருக்கிறது என்று தேடுபவராக வளர்வார். அத்தகைய மாணவர்களை உருவாக்கும் தகுதியும் பொறுப்பும் குடாநாட்டின் ஆசிரியர்களுக்கு உண்டு என்ற முழு நம்பிக்கையோடு இவ்வேண்டுகோள் அவர்கள் முன் வைக்கப்படுகிறது.

தமிழ்க் கல்வியின் மேல் அக்கறையுடன்.